தோட்டத்து வீடும் துப்பாக்கி உரிமமும்

2024 நவம்பர் இறுதியில், திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடு ஒன்றில் வயதான தம்பதியும் அவர்களுடைய மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். மாதக்கணக்கில் துப்புத் துலங்காமல் போகவே வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பகுதியில் இன்னொரு தோட்டத்து வீட்டில் இன்னொரு முதிய தம்பதி பிணமாகக் கிடந்தார்கள். அந்த வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலைகளிலும் தொடர்பு உண்டு என்று காவல்துறை அறிவித்தது. அந்த மாதங்களில் கொங்கு வட்டாரம் முழுவதும் ஒரு கோரிக்கை வலுத்தது: தோட்டத்தில் தனியாகக் குடியிருப்பவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் தர வேண்டும். இது ஆத்திரத்தில் பிறந்த பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பாதுகாப்பு தருவது யார் பொறுப்பு என்ற அடிப்படைக் கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆகவே அதை நியாயமாக எடைபோட வேண்டும்.

கோரிக்கைக்குப் பின்னால் உள்ள அச்சத்தைப் புரிந்துகொள்ள இங்குள்ள குடியிருப்பு முறையைப் பார்க்க வேண்டும். காவிரி டெல்டாவில் ஊர் நெருங்கி, வயல் விரிந்து கிடக்கும். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு நாட்டிலோ அவரவர் தோட்டத்திலேயே அவரவர் வீடு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கும். முன்பு அந்த வீட்டில் மூன்று தலைமுறை இருந்தது, பண்ணையத்து ஆட்கள் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோவை ஐடி நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். எழுபது வயதைக் கடந்த இருவர் ஆடுமாடுகளுக்காகவும் தென்னைக்காகவும் தோட்டத்தை விடாமல் இருக்கிறார்கள். விசைத்தறியும் கறிக்கோழியும் பின்னலாடையும் இந்த வட்டாரத்தில் பணப்புழக்கத்தைப் பெருக்கியதால், தோட்டத்து வீட்டில் நகை இருக்கும் என்ற எண்ணம் திருடனுக்கு எளிதில் வருகிறது. தனிமை, முதுமை, நகை மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருப்பதுதான் ஆபத்தின் வேர்.

சட்டம் என்ன சொல்கிறது? தற்காப்பு உரிமையில் இந்தியச் சட்டம் கஞ்சத்தனம் காட்டவில்லை. இரவில் வீடு புகும் கொள்ளையனைத் தடுக்கையில் அவன் உயிர் போக நேர்ந்தாலும், தேவைக்கு மிஞ்சாத வரை அதைக் குற்றமாகக் கருதாத பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையல்ல, அரசு ஆராய்ந்து தரும் அனுமதி. 1878இன் ஆயுதச் சட்டத்தால் ஆங்கிலேய அரசு இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியதை எதிர்த்த காங்கிரஸ், 1931 கராச்சித் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது. அதை நினைவூட்டித்தான் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கோரினார். வழக்கமான குற்றவாளியும் அந்த உரிமையைக் கேட்டு நிற்பானே என்ற கவலையை எழுப்பி அம்பேத்கர் மறுத்தார், சபையும் ஏற்கவில்லை. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் அந்த முடிவின் வழியில் வந்தவை. விண்ணப்பதாரருக்கு ஆயுதம் உண்மையிலேயே தேவையா என்று காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும், உரிமம் வழங்கும் அதிகாரி அதை ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும்.

கோரிக்கையாளர் தரப்பின் வலுவான வாதங்களை முதலில் ஒப்புக்கொள்வோம். இந்தியாவில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஆயுதங்களால் நடப்பவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளே இதற்குச் சான்று. உள்துறை அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்தைத் தாண்டின. தமிழ்நாட்டில் இருந்தவை சுமார் 22 ஆயிரம். இத்தனை குறைவாக உரிமம் பெற்ற மாநிலத்தில் இன்னும் சில நூறு கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். முன்னுதாரணமும் உண்டு. 2023 ஜனவரி முதல் நாளில் ஜம்முவின் ரஜௌரி மாவட்டம் டாங்ரி கிராமத்தில் பயங்கரவாதிகள் வீடுகளில் புகுந்து சுட்டபோது, கிராமவாசி ஒருவர் தன்னிடமிருந்த துப்பாக்கியால் திருப்பிச் சுட்டது அவர்களை விரட்டியது. எளிதில் சென்றடைய முடியாத, பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் வாழும் பூர்வகுடிகளுக்கு உரிமம் தர அசாம் அமைச்சரவை 2025 மே மாதம் முடிவெடுத்தது. அங்கே தரலாம், இங்கே கூடாதா என்ற கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது.

ஆனால் டாங்ரியில் நடந்த தாக்குதல் வேறு வகை. அங்கே துப்பாக்கிச் சத்தம் ஊரை எழுப்பியது, ஆயுதத்தை எடுக்க நேரம் கிடைத்தது, கிராமப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பும் இருந்தது. தோட்டத்து வீட்டுக் கொலைகளில் கொலையாளி ஓசையின்றி வருகிறான். பகலில் நோட்டம் பார்த்து, நள்ளிரவில் வந்து, நாய் குரைப்பதைக் கேட்டு வெளியே வரும் முதியவரை இருட்டில் அடிக்கிறான். எதிரியைப் பார்ப்பதும் அடி விழுவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. அந்தக் கணத்தில் துப்பாக்கி எங்கே இருக்கும்? பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியை விண்ணப்பத்தோடு கேட்கின்றன 2016 விதிகள். பூட்டி வைத்தால் ஆபத்தில் கைக்கு எட்டாது. குண்டு போட்டுத் தலைமாட்டில் வைத்தால் விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளுக்கும் எட்டும், திருடனுக்கும் எட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான மூன்றாவது இடம் இல்லை. தேர்தல் காலச் சிக்கல் வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 முதல் ஜூன் 4 முடிவு வரை, விலக்குப் பெற்ற சிலரைத் தவிர உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆயுதத்தை மட்டுமே நம்பியவருக்கு அந்த இரண்டரை மாதத்தில் என்ன பாதுகாப்பு?

துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தாலே திருடன் நெருங்கமாட்டான் என்பது அடுத்த வாதம். இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. பொது இடத்தில் துப்பாக்கி ஏந்தத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று துப்பாக்கியோடு நடமாட அனுமதியே தேவையில்லை. ஆயுதம் பெருகினால் குற்றம் குறையும் என்று 1998இல் பொருளியலாளர் ஜான் லாட் நூல் எழுதினார். அவர் முன்வைத்த சான்றுகளை ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சி மன்றக் குழு, அந்த முடிவுக்கு அவை போதா என்று 2004இல் கூறியது. பொருளியலாளர் ஜான் டோனஹியூவும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆயுதம் ஏந்துவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திய மாநிலங்களில், தளர்த்தாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிடப் பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்ததாக அது மதிப்பிட்டது. அமெரிக்கா வேறு, பல்லடம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அச்சமூட்டித் தடுக்கும் என்ற நம்பிக்கை அது மிகுதியாகச் சோதிக்கப்பட்ட இடத்திலேயே நிரூபணமாகவில்லை என்பதை மறுக்க முடியாது. கொள்ளைக்கென்றே திட்டமிடுகிறவன் வீட்டில் துப்பாக்கி இருப்பதை அறிந்தால் இன்னும் பெரிய கும்பலோடு வரலாம். துப்பாக்கியே அவன் தேடும் பொருளாகவும் ஆகலாம்.

இன்னொரு வகைக் கொலையையும் மறக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் பல்லடம் அருகே கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டது, குடிப்பதைத் தட்டிக் கேட்டதில் எழுந்த தகராறின் விளைவு. 2025 ஆகஸ்டில் உடுமலைப்பேட்டை வட்டாரம் குடிமங்கலத்தில், தோட்டம் ஒன்றில் தந்தைக்கும் மகன்களுக்கும் நடந்த சண்டையை விலக்கப்போன சிறப்பு உதவி ஆய்வாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற காவலரே தப்ப முடியாத அந்தச் சூழலில் ஆத்திரமும் அருகிலிருந்த அரிவாளும்தான் உயிரைக் குடித்தன. இத்தகைய வீடுகளில், வரப்புத் தகராறுகளில், பங்காளிச் சண்டைகளில் அரிவாளின் இடத்துக்குத் துப்பாக்கி வந்தால் சாவு கூடுமே தவிரக் குறையாது. தற்கொலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2022இல் தமிழ்நாட்டில் பதிவான தற்கொலைகள் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். கடன், முதுமை, தனிமை என்று வாடும் வீட்டுக்குள் மறுயோசனைக்கு இடம் தராத கருவி ஒன்றை வைப்பது அந்த வீட்டைக் காப்பதாகாது.

ஆள் தவறிச் சுடும் அபாயம் இந்த வட்டாரத்தில் கூடுதலாக உண்டு. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுச் சிறுவன் வீடு மாறி அழைப்புமணியை அழுத்தினான். உள்ளே இருந்த 84 வயது முதியவர் பயந்து சுட்டார். சிறுவன் பிழைத்தது தற்செயல். திருப்பூர், பல்லடம் பகுதியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். மொழி தெரியாத ஒருவர் இரவில் வழி கேட்டு வருவது இங்கே நடக்கக்கூடியதே. கொலை நடந்தால் முதல் சந்தேகம் வெளி மாநிலத்தவர் மேல் விழுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் சிவகிரி வழக்கில் கைதானவர்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். 2023 தொடக்கத்தில் போலிக் காணொளிகள் கிளப்பிய வதந்தியே வடமாநிலத் தொழிலாளர்களைக் கலங்கடித்து ஊருக்கு ரயிலேற வைத்தது. அச்சமும் சந்தேகமும் இப்படிப் பரவும் இடத்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால், முதலில் விழப்போவது குற்றவாளியா, வழிதவறிய தொழிலாளியா என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

‘இதெல்லாம் சரி, போலீஸ் வந்து சேரும்வரை நாங்கள் என்ன செய்வது?’ இதுதான் மிகக் கடினமான மறுப்பு. 2024 ஜனவரியில் பல்லடம் வட்டாரத்திலேயே ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், தன்னை ஒரு கும்பல் பின்தொடர்வதாகக் காவல்துறைக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் வெட்டப்பட்டார். இப்படிப்பட்ட அனுபவமுள்ள மக்களிடம் காவல்துறையை நம்புங்கள் என்று வெறுமனே சொல்வது அறமாகாது. ஆனால் உரிமம் தருவதால் இந்தத் தோல்வி சரியாவதில்லை, அரசின் கணக்கிலிருந்து முதியவரின் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். துப்பாக்கி வாங்கப் பணமும் பயிற்சிக்கு உடல்வலுவும் உள்ளவர் ஓரளவு தேறலாம். கூலிக்குத் தோட்டம் காக்கும் குடும்பத்துக்கும் தனித்து வாழும் கைம்பெண்ணுக்கும் அது எட்டாது. கோரிக்கையின் மிகப் பெரிய குறை இதுவே.

செய்ய வேண்டியது எது என்பதற்கு இந்த வழக்குகளிலேயே குறிப்பு இருக்கிறது. சிவகிரி வழக்கில் கொள்ளைபோன தங்கத்தை வாங்கி உருக்கியதாக நகைத் தொழில் செய்பவர் ஒருவரும் கைதானார். நகையை வாங்க ஆள் இருப்பதால்தான் நகைக்காகக் கொலை நடக்கிறது. பழைய தங்கம் வாங்கும் கடைகளில் விற்பவரின் அடையாளத்தைப் பதிவு செய்வதையும், அதைத் திடீர்ச் சோதனைகளால் உறுதிப்படுத்துவதையும் கண்டிப்பாக்கினால் குற்றத்தின் வருமானம் அடைபடும். தனித்து வாழும் முதியோர் பட்டியல் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். இரவு ரோந்து ஒரு கொலைக்குப் பிறகு சில வாரங்களோடு நின்றுவிடாமல் தொடர வேண்டும். பொத்தானை அழுத்தினால் நிலையத்திலும் அடுத்த தோட்டத்திலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் அபாயமணி, தோட்டத்துப் பாதைச் சந்திப்புகளில் கேமரா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடுதல் காவலர்கள் தேவை. ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் மாவட்டம் திருப்பூர். இந்தச் செலவு தாங்க முடியாததல்ல.

உரிமத்தின் கதவை முழுவதும் சாத்திவிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட கொலைமிரட்டல் உள்ளவருக்கு, பயிற்சியும் மனநலமும் உறுதியான பிறகு, உரிமம் தர இன்றைய சட்டத்திலேயே இடமுண்டு. காவல்துறை அறிக்கைக்கும் அதிகாரியின் முடிவுக்கும் விதிகளில் உள்ள கால வரம்பைக் கடைப்பிடிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். செல்வாக்குள்ளவருக்குச் சீக்கிரமும் சாமானியருக்கு அலைச்சலும் என்ற நிலை மாற வேண்டும். ஆனால் தோட்டத்தில் வசிப்பதே போதுமான தகுதி என்று பொதுவாகத் திறந்துவிடுவது தவறு. விவசாய அமைப்புகள் ஆட்சியரிடம் மனுவோடு போகும்போது, எங்களுக்கு உரிமம் கொடுங்கள் என்பதற்கு முன்னால், எங்கள் நிலையத்தில் எத்தனை காவலர் பணியிடம் காலி, எங்கள் தோட்டத்துக்கு ரோந்து கடைசியாக எப்போது வந்தது என்று கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து அரசைத் தப்பவிடக் கூடாது.