உழிஞையும் நொச்சியும்: தமிழகப் போர் வரலாற்று நூல்கள் சில - ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழிலக்கியம் பயில்வோர்க்குப் போர் புதிய பொருளன்று. வெட்சி முதல் வாகை வரையிலான புறத்திணைப் பாகுபாடும், புறநானூற்றுப் பாடல்களும், களவழி நாற்பதும், கலிங்கத்துப்பரணியும் நம் கல்வியின் அடிப்படைகளாக உள்ளன. எனினும் போர் இலக்கியம் வேறு. போர் வரலாறு வேறு. போர் இலக்கியம் மறத்தைப் போற்றும். இறந்தோரை இசைபட நிறுத்தும். போர் வரலாறோ, அந்தப் படை அந்நாளில் அவ்விடத்தில் ஏன் வென்றது, அதற்குச் சோறும் மருந்தும் எங்கிருந்து வந்தன, தோற்றவர் என்ன ஆயினர் என்று வினவும். இவ்விரண்டாம் வகை வினாக்களை எழுப்பும் பழக்கம் நம் தமிழ்த்துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

கதைப்பாடல்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர், அவற்றில் வரும் போர்களைப் பற்றிய பிற நூல்களைத் தேடுவது அரிது. சகுனம், கனவு, வருணனை எனக் கூறுகளைப் பகுத்துக் காட்டுவதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. மறுபுறம், வரலாற்றுத்துறையினர் கம்பெனி ஆவணங்களைத் துருவி ஆராய்கின்றனர். அதே போரைத் தமிழில் பதிந்துவைத்த பனுவலை ஒதுக்கிவிடுகின்றனர். இக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்கில், 1746 முதல் 1801 வரை தமிழகத்தில் நிகழ்ந்த போர்களைப் பற்றிய சில நூல்களை இக்கட்டுரை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கிறது. இந்நூல்களைத் தனித்தனியே படிப்பதைவிட இணையிணையாகப் படிப்பதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அளவுகோல்

நல்ல போர் வரலாற்று நூல் எது என்னும் வினாவிற்கு விடை காண, தமிழகத்தோடு தொடர்பில்லாத ஒரு நூலை முதலில் படித்தல் நலம். ஜான் கீகன் எழுதி 1976இல் வெளிவந்த 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' என்பதே அந்நூல். கீகன் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். தாம் ஒரு போரையும் நேரில் கண்டதில்லை என்னும் ஒப்புதலோடு அவர் தம் நூலைத் தொடங்குகிறார். 1415இல் அஜின்கோர்ட், 1815இல் வாட்டர்லூ, 1916இல் சொம் ஆகிய மூன்று போர்களையும் எடுத்துக்கொண்டு, தளபதியின் வரைபடத்தை விலக்கி, களத்தில் நின்ற வீரனின் நிலையிலிருந்து அவற்றை ஆராய்கிறார். அவன் கண்ணுக்கு என்ன புலப்பட்டது? அவன் ஏன் ஓடாமல் நின்றான்? காயம்பட்டபின் அவனை யார் கவனித்தனர்? இவையே அவர் வினாக்கள். படைகளைச் சதுரங்கக் காய்களாக நகர்த்திக் காட்டும் மரபான போர் வருணனையின் போதாமையை இந்நூல் தெளிவாக உணர்த்திற்று.

கீகன் நமக்குத் தருவது வினாவை. அவ்வினாவைத் தமிழகப் போர்களிடம் கேட்பதற்கான சொற்கள் நம் இலக்கணத்திலேயே உள்ளன. மதிலை முற்றுவோனின் திணை உழிஞை. மதில் காப்போனின் செயலைத் தொல்காப்பியர் உழிஞைக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனை நொச்சி எனத் தனித்திணையாக்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகப் போர்களுள் பெரும்பாலானவை கோட்டைப் போர்கள் ஆதலின், ஒரு நூல் மதிலின் எப்பக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்னும் வினாவை முதலில் எழுப்புதல் தகும்.

ஓர்மும் ஆனந்தரங்கரும்

இராபர்ட் ஓர்ம் 1728இல் அஞ்சுதெங்கில் பிறந்தவர். சென்னையில் கம்பெனியின் ஆலோசனைச் சபை உறுப்பினராக இருந்தவர். இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றிய அவருடைய வரலாறு 1763இலும் 1778இலும் வெளிவந்தது. கருநாடகப் போர்களைப் பற்றி எழுதிய பின்னோர் பலரும் இதனை அடித்தளமாகக் கொண்டனர். கோட்டைகளின் அமைப்பு, ஆறுகளைக் கடக்கும் இடங்கள், படைகளின் தொகை, ஒரு நாளில் கடந்த தொலைவு ஆகியவற்றை அவர் பொறுமையோடு தருகிறார். 1746இல் அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படையொன்று ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை முறியடித்தது. இந்தியப் படைகளைப் பற்றி ஐரோப்பியர் கொண்டிருந்த அச்சத்தை அகற்றிய நிகழ்ச்சி இதுவே என்று ஓர்ம் கணித்தார். கருநாடகப் போர்களின் பிற்காலப் போக்கைப் புரிந்துகொள்ள இக்கணிப்பு இன்றியமையாதது.

ஓர்மின் குறை, அவர் நின்ற இடத்தால் விளைந்தது. அவர் நூலில் ஐரோப்பிய அதிகாரிகள் பெயரோடு வருகின்றனர். சிப்பாய்களுள் மிகப் பெரும்பாலோர் எண்ணிக்கையாகவே வருகின்றனர். பின்வந்தோர் கையில் இக்குறை மேலும் வளர்ந்தது. 1751இல் ஆர்க்காட்டு முற்றுகையின்போது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியர்க்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைத் தாம் குடித்தனர் என்னும் செய்தியை, மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது. ஒரு சிப்பாயின் சொல்லும் இல்லாமல் சிப்பாயின் விசுவாசம் அங்கே புகழப்படுகிறது. படிப்போர் எச்சரிக்கையோடு அணுகவேண்டிய இடம் இது.

ஓர்முக்கு இணையாக வைத்துப் படிக்கத்தக்கது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கும் இக்குறிப்பு, 1761இல் புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் மறையும் காலம் வரை நீள்கிறது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை இதனைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலமும் அச்சில் கிடைக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கத்தைத் தமிழாய்வாளரேனும் கைவிடவேண்டும்.

1748இல் பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றினர். இதனை ஓர்மிடம் படித்தால், தாமதம், தவறான இடத்தில் தோண்டிய அகழ், நோய், மழை ஆகியவற்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து தோற்ற ஒரு முற்றுகையின் கணக்கு கிடைக்கும். அது உழிஞையின் பார்வை. ஆனந்தரங்கரிடம் படித்தால், குண்டுகள் விழும் நகரம், மூட்டைமுடிச்சுகளோடு வெளியேறும் குடிகள், நாளுக்கொன்றாகப் பரவும் வதந்திகள், அதே ஆண்டில் இடிக்கப்பட்ட வேதபுரீசுவரர் கோயில், அதனைத் தடுக்க இயலாத நகரப் பெரியோரின் ஆற்றாமை ஆகியன கிடைக்கும். இது நொச்சி; ஆனால் இலக்கணம் கூறாத நொச்சி. மதிலுக்குள் இருப்போர் அனைவரும் ஒரே மனத்தினர் அல்லர் என்பதையும், காக்கும் அரசே குடிகளின் கோயிலை இடிக்கக்கூடும் என்பதையும் இக்குறிப்பு காட்டுகிறது.

ஆனந்தரங்கரும் நடுநிலையாளர் அல்லர். அவர் துபாஷி, வணிகர், துப்ளேக்சின் ஏற்றத்தில் தம் ஏற்றத்தைக் கண்டவர். களத்தை அவர் நேரில் கண்டது குறைவு. செய்தியாகக் கேட்டதே மிகுதி. தம் காலத்துச் சாதிப் பார்வையும் அவரிடம் உண்டு. எனினும் கேட்ட செய்தியை அன்றன்றே எழுதிவைத்தமையால், போர் முடிந்தபின் எழுதும் வரலாற்றில் மறைந்துபோகும் ஐயமும் அச்சமும் அங்கே அழியாமல் நிற்கின்றன.

கான் சாகிபு

யூசுப்கான் என்னும் கான் சாகிபு, ஓர்மின் நூலில் கம்பெனியின் மிகச் சிறந்த சிப்பாய்ப் படைத்தலைவராக விளங்குகிறார். பெயரற்ற சிப்பாய்களிடையே பெயர் பெற்றோருள் முதன்மையானவர் அவரே. ஆனால் ஓர்மின் வரலாறு 1761உடன் நின்றுவிடுகிறது. அதன்பின் மதுரையில் அவர் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்ததையும், 1763இலும் 1764இலும் நடந்த முற்றுகைகளையும், 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டதையும் அறிய, எஸ். சி. ஹில் 1914இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றை நாடவேண்டும்.

ஹில்லின் நூல் ஆவணச் செறிவு மிக்கது. முதல் முற்றுகை மழைக்காலத்தால் கைவிடப்பட்டதும், 1764 சூனில் நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டதும், இறுதியில் தம்மிடம் பணியாற்றிய மார்ச்சாந்து என்னும் பிரெஞ்சு அதிகாரியும் உடனிருந்தோரும் பிடித்துக்கொடுத்தமையாலேயே கான் சாகிபு வீழ்ந்ததும் அதில் ஒழுங்குபெறக் கூறப்படுகின்றன. ஆயினும் நூலின் தலைப்பே அவரைக் கலகக்காரத் தளபதி என்று பெயரிடுகிறது. ஒருவரைக் கலகக்காரர் எனக் கூறுவது, அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் வினாவிற்கு முன்கூட்டியே விடை கூறிவிடுவதாகும்.

இதற்கு இணையாக, நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடலைப் படிக்கலாம். கதைப்பாடல் காலவரிசையைத் தருவதில்லை; எண்ணிக்கையை மிகைப்படுத்தும். ஆனால் அப்போரை நினைவில் கொண்ட மக்கள் யாரைப் பாராட்டினர், யாரை ஐயுற்றனர் என்பதை அது அறிவிக்கும். ஹில்லிடம் நிகழ்ச்சியையும் கதைப்பாடலிடம் நினைவையும் பெறுதல் முறை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தல் பிழை.

வெல்ஷும் இராசய்யனும்

இப்பட்டியலில் மனத்தை மிகவும் உலுக்கும் நூல் ஜேம்ஸ் வெல்ஷின் 'மிலிட்டரி ரெமினிசென்சஸ்' என்பது. 1830இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த இந்நூலாசிரியர், 1801ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கம்பெனிப் படையில் இருந்தவர். சின்ன மருதுவுடன் தமக்கிருந்த நட்பை அவர் மறைக்கவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று எழுதுகிறார். சில ஆண்டுகளில் அதே சின்ன மருதுவை வேட்டையாடிய படையில் தாமும் ஒருவராக இருந்ததையும், தொடை முறிந்த நிலையில் பிடிபட்டு அவர் தூக்கிலிடப்பட்டதையும் அடுத்தே எழுதுகிறார். இரண்டையும் ஒருங்கே எழுதிய அந்த நேர்மை இந்நூலின் தனிச்சிறப்பு. அந்நேர்மை அவர் கையைத் தடுக்கவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஊமைத்துரையைப் பற்றி வெல்ஷ் தரும் செய்திகளும் குறிப்பிடத்தக்கன. சிறு வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் ஆங்கிலப் படையாக அடுக்கிக் காட்டி, அவற்றை மறுகையால் துடைத்துத் தள்ளிச் சைகை செய்து ஊமைத்துரை தம் மக்களை எழுப்பினார் என்கிறார். 1801 மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபின், பிணங்களிடையே தன் மகனைத் தேடிவந்த ஒரு பெண்ணிடம், உயிர் பிரியும் நிலையிலிருந்த மகன் தன்னை விட்டுவிட்டு ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டியதையும், எதிரிகள் அணுகியபோது பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மையால் இறந்தவரெனக் கூறி அழுததையும் அவர் பதிந்துள்ளார். கீகன் எழுப்பிய வினாவிற்கு, அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த விடை இது. மகனை இழந்த அத்தாயின் பெயர் வெல்ஷின் நூலில் இல்லை.

வெல்ஷ் காட்டுவது ஒரு களத்தை. அக்களம் எப்பெரும் போரின் பகுதி என்பதைக் கே. இராசய்யன் 1971இல் வெளியிட்ட 'சவுத் இந்தியன் ரெபெல்லியன்' விளக்குகிறது. 1800-1801 எழுச்சியைத் தனித்தனிப் பாளையங்களின் பூசலாகக் காணாமல், தமிழ், கன்னட, மலையாளப் பகுதிகளை இணைத்த கூட்டமைப்பாக அவர் நிறுவினார். 1801 சூனில் திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கைக்கு அவர் தரும் முதன்மை இக்கருத்துக்கு அரணாகிறது. இதனை முதல் விடுதலைப் போர் என்று அவர் அழைப்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. பல பாளையக்காரர் கம்பெனியின் பக்கம் நின்றமையை அச்சொல் ஓரளவு மறைக்கிறது. எனினும் சிதறிக்கிடந்த ஆவணங்களை ஒரு போரின் வரலாறாகக் கோத்த பணி அவருடையது. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலை இவ்விரு நூல்களோடும் ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும்.

முடிவுரை

புதிதாகத் தொடங்குவோர் கீகனை முதலிலும், வெல்ஷை அடுத்தும், இராசய்யனையும் கதைப்பாடலையும் அதன்பின்னும் படித்து, பிறகு ஓர்மையும் ஆனந்தரங்கரையும் ஒரே நிகழ்ச்சிக்கு அருகருகே வைத்துப் பார்ப்பது எளிய வழி. ஹில்லும் கான்சாகிபு சண்டையும் இரண்டிற்கும் இடையே பாலமாக அமையும்.

இது வெறும் படிப்புச் சுவை பற்றிய செய்தியன்று. இந்நூற்றாண்டுப் போர்களின் வீரர்கள் இன்று சிலைகளாகவும், ஒவ்வொரு குழுவின் உரிமைப் பொருளாகவும் ஆகிவருகின்றனர். ஒரு நூலை மட்டும் படித்தவர்க்கு ஒரு வீரனும் ஒரு துரோகியும் கிடைப்பர். இரண்டு நூல்களைப் படித்தவர்க்கு ஒரு போர் கிடைக்கும். தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க பணிகள் இரண்டு உள்ளன. நாட்குறிப்பிலும் கதைப்பாடல்களிலும் பயிலும் கும்பினி, பட்டாளம், சிப்பாய், வளரி போன்ற படைத்துறைச் சொற்களுக்கு வரலாற்று முறையிலான சொல்லடைவு ஒன்று உருவாக்குதல் ஒன்று. ஒரே முற்றுகைக்கு மதிலின் இருபுறத்துச் சான்றுகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்ட பதிப்பு ஒன்று கொணர்தல் மற்றொன்று. உழிஞையையும் நொச்சியையும் வேறுபடுத்திப் பெயரிட்ட மொழிக்கு இப்பணி இயல்பாகவே உரியது.