மாற்றி எழுதும் உரிமை

ஆசிரியர்களுக்கான திக்ஷா இணையதளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள் அது. இத்தகைய தளங்களின் உண்மையான பயனை அளக்கவும் திருத்தணியே பொருத்தமான ஊர். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இந்த எல்லைப் பகுதியில், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. மாநிலம் முழுமைக்கும் பொதுவாகத் தயாரித்த பயிற்சித்தாள் அவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் தெலுங்குச் சொல்லைச் சேர்க்க வேண்டும். சில இடங்களில் கேள்வியையே எளிமையாக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் அந்த வகுப்பின் ஆசிரியர்தான். ஆகவே, ஒரு பாடப்பொருள் இணையத்தில் கிடைக்கிறதா என்பதைவிட, அதை அவர் மாற்றலாமா, மாற்ற முடியுமா என்பதே பெரிய கேள்வி.

இலவசம் வேறு, திறந்த உரிமம் வேறு. தமிழ்நாட்டுப் பாடநூல்களை எவரும் காசின்றி இறக்கிக்கொள்ளலாம்; ஆனால் 2018 முதல் வந்த புதிய நூல்களின் உள்பக்கத்தில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறி இருக்கிறது. இறக்கிப் படிக்கலாம்; ஆனால் திருத்திய வடிவத்தை வெளியிடும் அனுமதி அதில் சொல்லப்படவில்லை. மாறாக, 2013இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தது. பெயரைக் குறிப்பிட்டு, திருத்தியதையும் அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும். ஆசிரியர் தன் வகுப்பில் படியெடுக்கச் சட்டமே இடம் தருகிறதே, தனி உரிமம் எதற்கு என்று கேட்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அந்தச் சலுகையைத் தருகிறது. 2016இல் தில்லி உயர் நீதிமன்றமும், பல்கலைக்கழக நகல் கடை வழக்கில், அதைத் தாராளமாகவே விளக்கியது. எனினும் அது கற்பித்தலையொட்டிய சலுகை. திருத்தணி ஆசிரியர் எழுதிய இருமொழித் தாள் அதேபோன்ற எல்லை ஊரான ஓசூருக்கும் போய்ச் சேர, அங்கே இன்னொருவர் அதை மேலும் திருத்த, வெளிப்படையான உரிமமே உறுதியான வழி.

ஆனால் உரிமத்தோடு வேலை முடிவதில்லை. நம் நடைமுறையின் பெருங்குறை கோப்பில் இருக்கிறது. 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடு எழுத்துக் குறிமுறையை ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிய தாள்கள் இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளே வருகின்றன. படமாக வருடிய தாளில் அதுவும் கிடையாது. இப்படிப்பட்ட கோப்பின் மேல் எவ்வளவு தாராளமான உரிமத்தைப் பொறித்தாலும், திருத்த நினைப்பவர் முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்தாக வேண்டும். சட்டம் கொடுத்ததைத் தொழில்நுட்பம் பறித்துக்கொள்கிறது. கோப்பின் மூல வடிவத்தையும் சேர்த்துத் தராத பகிர்வைத் திறந்த பகிர்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எவரும் திருத்தலாம் என்றால் பிழைகள் மலியாதா என்பது நியாயமான அச்சம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை தாளில் உள்ள பிழையைப் பிழையென்று அறியாது. ஆனால் மூடிய தாளிலும் பிழை உண்டு. வேறுபாடு என்னவென்றால், அங்கே அதைக் கண்டவர் திருத்த வழியில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு தெரிந்தால் பிழையின் தடம் பிடிபடும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இப்படித்தான் இயங்குகிறது. வழிகாட்டி நூல் போடும் பதிப்பகங்கள் ஆசிரியரின் உழைப்பை அள்ளி விற்றுவிடும் என்பது இன்னொரு அச்சம். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் இருக்கிறது. ஆனால் அந்தத் தடை, பக்கத்துத் தெருவில் அச்சடித்து அடக்க விலைக்கு மேல் சிறிது வைத்துக் கொடுப்பவரையும் தயங்க வைக்கும். திருத்தியதையும் திறந்தே வைக்கச் சொல்லும் நிபந்தனை இதைவிட மேலானது என்பது என் கருத்து: விற்பவர் விற்கட்டும், அவர் சேர்த்ததும் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

எளிதில் விடை சொல்ல முடியாத ஆட்சேபம் ஆசிரியரின் நேரம் பற்றியது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், பயிற்சி, தேர்தல் பணி எல்லாம் போக மிஞ்சும் மாலை நேரத்தில்தான் இந்தத் தாள்கள் பிறக்கின்றன. இருமொழித் தாள் தயாரிப்பதைப் பணி நேரமாகக் கணக்கிட்டு, தயாரித்தவர் பெயரைத் தளத்தில் நிலையாகப் பதிவது கல்வித் துறையின் கையில் இருக்கிறது. அதைச் செய்யாதவரை, திறந்த பகிர்வு சில ஆர்வலர்களின் தூக்கத்தைச் செலவழித்தே நடக்கும். அவர்கள் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும்.