கை மட்டும் போதாத காலம்

2022-23 பிரீமியர் லீக் பருவத்தின் தங்கக் கையுறை விருதை வாங்கியவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் டேவிட் டி ஹேயா. 17 ஆட்டங்களில் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. பருவம் முடிந்து ஆறு வாரத்துக்குள், 2023 ஜூலை 8 அன்று, கிளப்பை விட்டுப் போவதாக அவரே அறிவித்தார். 12 ஆண்டுகள், 545 ஆட்டங்கள், கோல் விடாத ஆட்டங்கள் 190. பீட்டர் ஷ்மைக்கேல் விட்டுச்சென்ற 180 என்ற கிளப் சாதனையைத் தாண்டிய மனிதர், ஓல்ட் டிராஃபோர்டு ரசிகர்களிடம் முறையாக விடைபெறக்கூட வாய்ப்பில்லாமல் கிளம்பினார்.

அப்போது அவருக்கு வயது 32. கோல்கீப்பருக்கு அது முதுமையல்ல. பலர் அந்த வயதில்தான் பழுக்கிறார்கள். அவரை அனுப்பியது மூப்பு அல்ல, ஒரு கொள்கை. கோல்கீப்பர்தான் தாக்குதலின் முதல் ஆள், ஆட்டம் அவர் காலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கொள்கை. யுனைடெட் அவரை அனுப்பியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தை நிரப்பிய விதம், கொள்கையைப் பாதி மட்டுமே புரிந்துகொண்டவர்களின் வேலையாகத் தெரிகிறது.

கோல்கீப்பரின் காலுக்கு வேலை வந்தது 1992இல். அதுவரை தன் அணிக்காரர் உதைத்துக் கொடுக்கும் பந்தை அவர் தாராளமாகக் கையில் எடுக்கலாம். முன்னிலை பெற்ற அணி பந்தைப் பின்னால் தட்டி, கோல்கீப்பர் எடுத்து, உருட்டிவிட்டு, மறுபடி வாங்கி, நேரத்தைக் கொன்றுகொண்டிருக்கும். 1990 உலகக் கோப்பையின் சலிப்புக்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். விதி மாறியதும் கையில் எடுக்க முடியாத பந்தைப் பெரும்பாலான கோல்கீப்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு தூரமாக உதைத்தார்கள். அயாக்ஸ், பார்சிலோனா போன்ற சில இடங்களில் மட்டுமே அதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தார்கள். 2019இல் இன்னொரு மாற்றம்: கோல் கிக்கில் பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை போனது. அன்றிலிருந்து தடுப்பாட்டக்காரர் கோல்கீப்பரின் பக்கத்திலேயே நின்று பந்தை வாங்கலாம்.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. என் கோலுக்கு அருகே வந்து நெருக்கும் எதிரணி தன் கோல்கீப்பரைத் தன் கம்பத்தடியில் விட்டுவிட்டுத்தான் வர முடியும். அதாவது அவர்கள் அதிகபட்சம் பத்துப் பேர், நாங்கள் பதினொருவர். எங்கள் கோல்கீப்பர் அமைதியாகப் பந்தை வைத்துக்கொண்டு பாஸ் கொடுக்கத் தெரிந்தவராக இருந்தால், எங்கேயோ ஓர் ஆள் எப்போதும் ஒண்டியாக நிற்பார். அவர்களை எவ்வளவு தூரம் முன்னே இழுக்கிறோமோ அவ்வளவு இடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் திறக்கும். கோல் வாசலில் நடக்கும் அந்தச் சின்னச் சின்ன பாஸ்கள் தூண்டில் புழு. மீன் கிடப்பது நடுக்கோட்டுக்கு அப்பால். எடர்சன் மான்செஸ்டர் சிட்டியில் இதை இரண்டு வகையிலும் செய்தார். குட்டையாகக் கொடுத்து எதிரியை இழுப்பார். இழுபட்டதும் ஒரே உதையில் அறுபது, எழுபது மீட்டருக்கு அப்பால் ஓடுபவரின் காலடியில் பந்தை இறக்குவார்.

எதிர்வாதமும் எளிதுதான். நடுக்களத்தில் ஒருவர் பந்தைப் பறிகொடுத்தால் திருத்த நாலைந்து பேர் இருக்கிறார்கள். கோல்கீப்பர் பறிகொடுத்தால் அது கோல். 1990இல் கொலம்பியாவின் ரெனே ஹிகுயிட்டா நடுக்களம் வரை வந்து கேமரூனின் ரோஜர் மில்லாவை ஏமாற்றப் பார்த்து, பந்தையும் உலகக் கோப்பையையும் சேர்த்துத் தொலைத்தார். 2021 பிப்ரவரியில் லிவர்பூலின் அலிசன் சில நிமிட இடைவெளியில் இரண்டு தவறான பாஸ்களால் சிட்டிக்கு இரண்டு கோல் கொடுத்தார். இந்தப் பாணியின் ஆதரவாளர்கள் இதற்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: இழப்பு கண்ணில் படும், லாபம் படாது, கோல்கீப்பரின் நல்ல பாஸ் ஐந்தாறு பாஸ்களுக்கு அப்புறம் கோலாகும்போது யாரும் அவரை நினைப்பதில்லை. நியாயமான பதில். ஆனால் அந்த லாபத்தைக் கறக்கத் தெரிந்த அணிக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை ஆதரவாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

டி ஹேயாவின் பெருமை எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2011இல் அத்லெட்டிகோ மாட்ரிட்டிலிருந்து ஒல்லிப்பிச்சானாக வந்து, முதல் பருவத்தில் உயரப் பந்துகளுக்குத் தடுமாறியவர், மூன்றாண்டுக்குள் அணியின் ஆதாரமானார். ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை, சர் மாட் பஸ்பி பெயரிலானதை, நான்கு முறை வென்றார். ஃபெர்குசனுக்குப் பிந்தைய யுனைடெட்டில் கோல்கீப்பரே திரும்பத் திரும்பச் சிறந்த வீரராவது அணியின் ஆரோக்கியத்துக்கு நல்ல அறிகுறி அல்ல என்பது வேறு கதை. 2017 டிசம்பர் 2 அன்று ஆர்சனல் மைதானத்தில் அவர் 14 பந்துகளைத் தடுத்தார். ஒரே ஆட்டத்தில் அத்தனை தடுப்புகள் அன்றைய பிரீமியர் லீக் சாதனைக்குச் சமம். யுனைடெட் 3-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தை மீண்டும் பார்ப்பவர்கள் அவர் காலைக் கவனிக்க வேண்டும். கை இறங்க நேரமில்லாத தாழ்வான பந்துகளைக் காலை நீட்டித் தட்டுவதில் அவருக்கு நிகர் அபூர்வம். கால் இல்லாத கோல்கீப்பர் என்று பின்னாளில் கேலி செய்யப்பட்டவர் பாதிப் புகழைச் சம்பாதித்ததே அந்தக் காலால்தான்.

அந்தக் கால் பாஸ் கொடுக்க நேர்ந்தபோதுதான் சிக்கல். 2022 ஆகஸ்டில், எரிக் டென் ஹாக் பயிற்சியில் இரண்டாவது லீக் ஆட்டம். பிரென்ட்போர்டுக்கு எதிராக 35 நிமிடத்தில் நான்கு கோல். முதலாவது டி ஹேயாவின் உடம்புக்கடியில் நழுவியது. இரண்டாவது, பாக்ஸ் ஓரத்தில் எதிரி முதுகில் ஒட்டி நிற்க, கிறிஸ்டியன் எரிக்சனுக்கு அவர் கொடுத்த பாஸிலிருந்து வந்தது. அடுத்த ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக டென் ஹாக் கொள்கையை மடித்துப் பையில் வைத்தார். டி ஹேயா தூரமாக உதைத்தார், யுனைடெட் 2-1 என்று வென்றது. மீதிப் பருவமும் பெரும்பாலும் இப்படியொரு சமரசத்தில் ஓடியது. மூன்றாம் இடம், லீக் கோப்பை. ஏப்ரலில் செவியாவில் சமரசம் கிழிந்தது. நெருக்கடியில் நின்ற ஹாரி மகுவையருக்குக் கொடுத்த பாஸில் ஒரு கோல், பெனால்டி பாக்ஸுக்கு வெளியே பந்தை அடக்கத் தவறியதில் இன்னொன்று. 3-0, யூரோப்பா லீக் கால் இறுதியோடு வெளியேற்றம்.

செவியாவைக் காட்டித்தான் அவருக்கு எதிரான வாதம் வழக்கமாக எழும். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறொன்று: அவர் கோட்டை விட்டு நகர மாட்டார். தடுப்பு வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்க வேண்டுமானால், அதன் பின்னால் விழும் பந்தை ஓடிவந்து துடைக்க ஒருவர் வேண்டும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக மானுவேல் நோயர் பாக்ஸுக்கு வெளியே ஓடி ஓடிச் செய்தது அதுதான்; அன்று ஜெர்மனியின் உயர்ந்த வரிசை பிழைத்தது அவர் ஓட்டத்தால். டி ஹேயா பின்னால் நின்றதால் தடுப்பாட்டக்காரர்களும் பின்வாங்கினார்கள், முன்வரிசை மட்டும் நெருக்கப் போனது, நடுவில் ஒரு மைதானமே காலியாகக் கிடந்தது. தவறான பாஸ் பருவத்துக்குச் சில கோல்களைத் தரும். இந்த இடைவெளி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு நிமிடமும் வரி வசூலிக்கும். அன்றைய ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே 2022 கத்தார் உலகக் கோப்பைக்கான அணியில் உனாய் சிமோன், ராபர்ட் சான்செஸ், டேவிட் ராயா மூவரையும் எடுத்து இவரை விட்டதை வைத்துப் பார்த்தால், மதிப்பீடு யுனைடெட்டுக்கு வெளியேயும் அதேதான்.

ஆகவே வெளியேற்றத்தை நான் குறை சொல்லவில்லை. வந்தவரைப் பார்ப்போம். அயாக்ஸில் டென் ஹாக்கிடம் வளர்ந்த ஆந்த்ரே ஒனானா அப்போதுதான் இன்டர் மிலானை சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை கொண்டுவந்திருந்தார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரியை அருகே அழைக்கும் துணிச்சல் அவரிடம் உண்மையாகவே இருந்தது. ஆனால் யுனைடெட்டில் அவரைக் கவிழ்த்தவை எவை? மியூனிக்கில் லெராய் சானே அடித்த பந்து கைக்கடியில் உருண்டது. கலாட்டாசராய்க்கு எதிராக ஹக்கிம் ஸியேக்கின் இரண்டு ஃப்ரீ கிக்குகள். 2025 ஏப்ரலில் லியோனில் மீண்டும் ஒரு ஃப்ரீ கிக், பிறகு கையிலிருந்து தெறித்து எதிரி காலில் விழுந்த பந்து. எல்லாமே கைப் பிழைகள். காலுக்காக வாங்கிய ஆளைக் கை கவிழ்த்தது.

அவர் காலாவது பயன்பட்டதா? 2023-24இல் லூக் ஷாவும் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸும் பருவத்தின் பெரும்பகுதியைக் காயத்தில் கழித்தார்கள். தடுப்பு வரிசையில் ஜோடி மாறிக்கொண்டே இருந்தது. இன்டரில் ஒனானா பந்தைத் தூக்கும்போது பஸ்தோனி எங்கே நிற்பார், பரெல்லா எந்தப் பக்கம் நழுவுவார் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். யுனைடெட்டில் நிமிர்ந்து பார்த்தால் வாங்க ஆளில்லை. கடைசியில் அவரும் தூரமாகத்தான் உதைத்தார். லீகில் யுனைடெட் விட்ட கோல்கள் 43இலிருந்து 58 ஆனது, இடம் மூன்றிலிருந்து எட்டானது. அத்தனையும் ஒனானாவின் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பந்தைத் தடுப்பது பெரிதும் தனி ஆளின் திறமை, எந்த அணிக்குப் போனாலும் கூடவே போகும். பாஸ் கொடுப்பது அப்படியல்ல. வாங்குபவர் இல்லாமல் கொடுப்பவர் இல்லை. அது பத்துப் பேர் சேர்ந்து செய்யும் காரியம். யுனைடெட் ஓர் ஆளை வாங்கிவிட்டு முறையையே வாங்கிவிட்டதாக நினைத்தது.

இது முதல் தடவையும் அல்ல. 2016இல் சிட்டிக்கு வந்த பெப் கார்டியோலா, இரண்டு லீக் பட்டங்கள் வென்ற ஜோ ஹார்ட்டை டொரினோவுக்கு இரவலாக அனுப்பிவிட்டு பார்சிலோனாவிலிருந்து கிளாடியோ பிராவோவைக் கொண்டுவந்தார். பிராவோ முதல் ஆட்டத்திலேயே ஓல்ட் டிராஃபோர்டில் ஓர் உயரப் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சுக்கு கோல் கொடுத்தார். அடுத்த ஆண்டே எடர்சன் வந்தார். கார்டியோலா அதிலிருந்து என்ன கற்றார் என்று யாராவது கேட்டால், கால் வேண்டும் என்பதைக் கைவிடவில்லை, கை குறைந்த காலை ஏற்க மாட்டேன் என்று கற்றார் எனலாம். யுனைடெட் எடர்சனைப் பார்த்தது, பிராவோவைப் பார்க்கவில்லை.

2025இல் இதே கதை தலைகீழாக நடந்தது. டி ஹேயாவை ஸ்பெயினில் ஒதுக்கிய அதே லூயிஸ் என்ரிக்கே இப்போது பாரிஸ் பயிற்சியாளர். லிவர்பூல் மைதானத்தில் பெனால்டிகளைத் தடுத்து அணியைக் கரையேற்றி, சாம்பியன்ஸ் லீக் வெல்லக் காரணமான ஜியான்லூஜி டோனாரும்மாவை, வேறு வகைக் கோல்கீப்பர் வேண்டும் என்று அந்தக் கோடையிலேயே கழற்றிவிட்டார். அவரை வாங்கியது யார்? கார்டியோலா. அதற்குச் சில நாள் முன்புதான், காலில் நம்பிக்கை வைத்து எடுத்த இளைஞர் ஜேம்ஸ் டிராஃபோர்டு, டாட்டன்ஹாமுக்கு எதிராக கோல் வாசலில் ஒரு பாஸைத் தவறவிட்டு கோல் கொடுத்திருந்தார். ஒன்பதாண்டு முன்பு ஹார்ட்டை அனுப்பிய மனிதர், காலில் ஹார்ட்டை விடப் பெரிதாகத் தேறியவர் என்று யாரும் சொல்லாத ஓர் ஆளைக் கம்பத்தடியில் நிறுத்தினார்.

பயிற்சியாளர் மனம் மாறிவிட்டார் என்று மட்டும் இதைப் படிக்க வேண்டியதில்லை. எதிரிகள் மாறிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் ஒட்டி நெருக்கும் முறை இங்கிலாந்து முழுக்கப் பரவிய பிறகு, குட்டை பாஸுக்கு ஆசைகாட்டினாலும் வாங்க வேண்டியவர் ஒவ்வொருவர் முதுகிலும் ஒருவர் தொங்குகிறார். கோல்கீப்பர் ஒருவர்தான் ஒண்டி. அவரிடமிருந்து பந்து போகக்கூடிய நியாயமான இடம் மறுபடியும் தூரம்தான். பதினொன்றுக்குப் பத்து என்ற கணக்கு பொய்த்துவிடவில்லை. அதன் லாபம் சுருங்கிவிட்டது. லாபம் சுருங்கும்போது, கோல் என்றே எல்லாரும் எழுந்துவிட்ட பந்தை வெளியே தட்டும் கையின் விலை ஏறுகிறது.

டி ஹேயா ஓராண்டு எந்தக் கிளப்பும் இல்லாமல் இருந்துவிட்டு 2024இல் ஃபியோரென்டினாவுக்குப் போனார். அக்டோபரில் ஏசி மிலானின் இரண்டு பெனால்டிகளை ஒரே ஆட்டத்தில் தடுத்தார். அதைக் காட்டி யுனைடெட் செய்தது தவறு என்று கொண்டாடியவர்களோடு நான் சேரவில்லை. கோட்டருகே நிற்கும் தடுப்பு வரிசைக்கு அவர் அன்றும் மிகச் சிறந்தவர், யுனைடெட் ஆட விரும்பியது அப்படியல்ல. விரும்பியதை ஆடவும் இல்லை என்பதுதான் பரிதாபம்.

2025 செப்டம்பரில் யுனைடெட் ஒனானாவை துருக்கியின் டிராப்சன்ஸ்போருக்கு இரவலாக அனுப்பியது. ஆன்ட்வெர்ப்பிலிருந்து 23 வயது சென்னே லாமென்ஸ் வந்தார். பெல்ஜியத்தில் அவர் பேர் வாங்கியது தடுப்புகளால். யுனைடெட்டிலும் பந்து வந்தால் யோசிக்காமல் தூரமாக உதைக்கிறார், ரசிகர்கள் நிம்மதியாகக் கைதட்டுகிறார்கள். தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றியே தீருவேன் என்று ஒரு பயிற்சியாளர் வந்தால் அவர் எவ்வளவு தூரம் முன்னே ஓடி வருவார் என்பதை மட்டும் இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.