உடலுக்கு யார் சாட்சி?

எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் செய்யுள் ஒப்புவித்துப் பிழைத்தவர். 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையேறினால் தொண்டை கட்டிக்கொண்டது. மருந்து பலிக்கவில்லை. கண்ணாடி முன் நின்று ஒப்புவித்துப் பார்த்தார். வாய் திறக்கும்போதே தலை பின்னுக்கு இழுபட்டுத் தொண்டையை நெருக்கியது. சரி, தலையை முன்னே கொண்டுவருவோம் என்று முயன்றார். கொண்டுவந்துவிட்டதாகவே உணர்ந்தார், கண்ணாடியிலோ தலை பின்னால்தான் இருந்தது.

பழக்கம் முற்றினால் உடலுணர்வு பொய்ச் சாட்சி சொல்லும். அப்போது வேறு யாரைச் சாட்சிக்கு அழைப்பது? உடலறிவுப் பள்ளிகள் பிரிவது இந்த இடத்தில்தான். உள்ளிருந்து உணரப்படும் உடல் என்ற பொருளில், கிரேக்கச் சொல்லிலிருந்து 'சொமாட்டிக்ஸ்' என்று இத்துறைக்கு 1976இல் பெயரிட்டவர் தாமஸ் ஹன்னா. பள்ளிகளில் பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டன.

அலெக்சாண்டர் அழைத்த சாட்சி ஆசிரியரின் கை. நாற்காலியில் உட்கார்வதும் எழுவதுமே பாடம். கழுத்திலும் முதுகிலும் மெல்லப் படியும் கை, மாணவர் அறியாமல் இறுகுவதை அவருக்கு அறிவிக்கும்.

பெர்லினில் எல்சா கிண்ட்லர் கையைக்கூட நம்பியிருக்கவில்லை. காசநோயிலிருந்து மீண்ட உடற்பயிற்சி ஆசிரியை அவர். பார்த்துச் செய்ய ஆசனம் எதுவும் தரவில்லை. நிற்பது, படுப்பது, மூச்சுவிடுவது ஆகியவற்றை மாணவரே ஆராய விட்டார். சார்லட் செல்வர் இதை 1938இல் நியூயார்க்குக்குக் கொண்டுசென்றார்.

மோஷே ஃபெல்டன்கிரைஸ் பொறியாளர், ஜூடோ வீரர், முழங்கால் அடிபட்டவர். மெதுவான, சிறிய அசைவே அவருடைய சாட்சி. நெல்மூட்டை சுமப்பவருக்கு ஒரு பிடி நெல் கூடினால் தெரியாது. வெறுங்கையில் விழுந்தால் தெரியும். முயற்சி குறையக் குறைய வேறுபாடு புலப்படும் என்பது அவர் கணக்கு.

உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஐடா ரோல்ஃப் எதிர்த்திசையில் போனார். தசைகளைப் போர்த்திய இணைப்புத்திசுவைப் பத்து அமர்வுகளில் அழுத்திச் சீரமைப்பது அவர் முறை. இங்கே கைதான் பெரும்பாடு படுகிறது.

தியான மரபில் தொடும் கையே இல்லை. ரங்கூனில் ஊ பா கின் கற்பித்த விபாசனாவில் கவனம் உடலெங்கும் ஊர்ந்து செல்லும். மாசசூசெட்ஸில் ஜான் கபட்-சின் 1979இல் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலும், படுத்தபடி உடலைக் கவனத்தால் வருடுவது முக்கியப் பாடம். திருத்துவது நோக்கமல்ல, வருவதை வந்தபடி பார்ப்பதே பயிற்சி.

தரத்துக்கு வருவோம். பிரிட்டனில் 1958இல் அமைந்த அலெக்சாண்டர் ஆசிரியர் சங்கம், ஆசிரியராக வருவோரிடம் மூன்றாண்டுகளில் 1600 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி ஏறத்தாழ 800 மணி நேரம். மருத்துவச் சான்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவில் இல்லை. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரைக் கொண்ட ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 24 அலெக்சாண்டர் பாடங்கள் பெற்றவர்களுக்கு ஓராண்டுக்குப் பின், நான்கு வாரத்தில் வலித்த நாள்கள் இடைநிலை அளவில் 3. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21.

மணிக்கணக்கு ஆசிரியரை அளக்கும், பாடத்தை அளக்காது. வீடு திரும்பிய மாணவர், யாரும் தொடாமலே, நாற்காலியிலிருந்து எழும் நொடியில் தன் கழுத்து இறுகுவதைக் கண்டுபிடிக்கிறாரா? பிடித்துவிட்டால், பொய் சொன்ன சாட்சி உண்மை பேசத் தொடங்கிவிட்டது.