ஒரே வாடியில் இரண்டு காலம்

தை முதல் நாள் அவனியாபுரத்திலும் மறுநாள் பாலமேட்டிலும் அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் சல்லிக்கட்டு நடந்து முடிந்த பின்பும், அதைப் பற்றிய வழக்காடல் மதுரை வட்டாரத்தில் ஓய்வதில்லை. இன்று பெயர் பெற்று விளங்கும் மாடுபிடி வீரர் ஒருவரின் முன்னால், அவர் பிறப்பதற்கு முன்பே மடிந்துபோன காளையொன்று தன் உச்ச வயதில் வாடிவாசலைத் தாண்டி வந்து நின்றிருந்தால் யார் கை ஓங்கியிருக்கும் என்பது அவ்வழக்குகளுள் மிகச் சுவையானது. நடக்கவே முடியாத போட்டி என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது; ஆயினும் மாட்டின் இயல்பையும் பிடிப்பவரின் முறையையும் களத்தின் அமைப்பிலிருந்தும் விதியிலிருந்தும் பிரித்துக் காணத் தெரிந்தவரே இதில் வாதாட முடியும் என்பதால், சல்லிக்கட்டு ரசனையின் நுட்பமான கிளை இதுவே எனலாம்.

முதலில் வரையறுக்க வேண்டியது உச்சம் என்பதனை. பருத்திக்கொட்டையும் உளுந்தும் ஊட்டி, கண்மாயில் நீந்தவிட்டு, மண்மேட்டைக் குத்தப் பழக்கி வளர்க்கப்படும் காளைக்கு, உடற்கட்டும் களம் கண்ட பழக்கமும் ஒருங்கே அமையும் ஆண்டுகள் மிகச் சிலவே. குத்துச்சண்டையிலும் இதே சிக்கல் உண்டு: 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ 37 வயதான ஜோ லூயிசை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார் என்றாலும், லூயிஸ் தம் சிறந்த நாட்களைக் கடந்து நெடுங்காலம் ஆகியிருந்தமையால், இருவருள் வல்லவர் யார் என்ற கேள்விக்கு அந்த இரவு விடையாகவில்லை.

அடுத்து நோக்கத்தக்கது காளையின் வகை. வாடியை விட்டுப் பாய்ந்து, எவரையும் பொருட்படுத்தாமல் நேரே வெளியேறிவிடும் காளை ஒரு வகை. வெளிப்பட்டவுடன் திரும்பி நின்று, நெருங்குபவரை நோக்கிக் கொம்பைத் தாழ்த்தி, களத்தின் நடுவே தனக்கென ஓர் இடத்தை வளைத்துக்கொள்ளும் ‘நின்று விளையாடும் மாடு’ மற்றொரு வகை. இரண்டும் பிடிபடாமல் போகலாம். விழாக் குழுவின் கணக்கில் இரண்டும் வெற்றி பெற்ற மாடுகளே. ஆனால் முதல் வகையைச் சோதிக்க எவருக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதால், அதன் மாசற்ற பெயரை முழு மதிப்பெண்ணோடு ஏற்க வேண்டியதில்லை. நின்று விளையாடும் மாட்டிடம்தான் அணைபவரின், அதாவது பாய்ந்து திமிலைத் தழுவுபவரின், கலை முழுமையாக வெளிப்படுகிறது. அத்தகைய மாட்டின் விலாவோடு மார்பு ஒட்டியிருக்கும் வரை கொம்பு அவரை எட்டுவது கடினம். கைப்பிடி தளர்ந்து ஒரு முழ இடைவெளி விழும்போதும், பிடியை விட்டு விலகும்போதுமே உயிருக்கு ஊறு நேர்கிறது. எனவே ஒரு வீரரை மதிப்பிடுபவர் அவர் பிடித்த கணத்தைவிட விட்ட கணத்தையே கூர்ந்து பார்க்க வேண்டும். மாட்டுக்குப் பழகிய திருப்பம் இடமா வலமா என்பதும், வீரர் எப்பக்கமிருந்து புகுபவர் என்பதும் தெரியாமல் ஒரு கற்பனைப் போட்டிக்குத் தீர்ப்புரைப்பது வெறும் பக்தியே.

இரு காலங்களை இணைக்கப் பொதுவான அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது. 1955இல் மார்சியானோவிடம் ஒன்பதாம் சுற்றில் வீழ்ந்த ஆர்ச்சி மூர், 1962இல் பின்னாளைய முகமது அலியிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். ஆனால் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அளவுகோலே தேய்ந்துவிட்டது. அவ்விருவரையும் மோதவிட்டுப் பார்க்கும் ஆவலில், கணிப்பொறி தந்த முடிவென்று 1970 ஜனவரியில் திரையிடப்பட்ட படம், பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றதாகக் காட்டியபோதும் வழக்கு ஓயவில்லை. வாடிவாசலில் அத்தகைய அளவுகோலாக நிற்பது, இரு தலைமுறை வீரர்களையும் எதிர்கொண்ட ஒரே காளை. சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவல் இந்த அமைப்பின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது: அம்புலியின் உயிரைக் குடித்த காரிக்காளையை அணைய அவன் மகன் பிச்சி வருகிறான், தந்தையையும் மகனையும் ஒரே கொம்பு அளக்கிறது.

களமும் விதியும் மாறியமையால், பழையவர்களை இன்றைய எண்களால் அளப்பது பொருந்தாது. கொம்பில் கட்டிய பரிசை அவிழ்த்தெடுப்பதே வெற்றியாக இருந்த காலத்தில் கையின் இலக்கு வேறு. திமிலை மட்டுமே பற்றி, கொம்பையும் வாலையும் தொடாமல், 15 மீட்டர் தொலைவோ மூன்று துள்ளல்களோ தாங்க வேண்டிய இன்றைய விதியில் இலக்கு வேறு. தேங்காய்நார் பரப்பிய தரையும் இருபுறத் தடுப்பும் சுற்றுமுறையும் எண்ணிக்கையைப் பெருக்கித் தந்திருக்கின்றன. அலங்காநல்லூரில் 2023இல் பூவந்தி அபிசித்தர் 26 காளைகளைப் பிடித்து முதலிடம் பெற்றார். 2024இல் கருப்பாயூரணி கார்த்தி 18 பிடித்து முந்த, அபிசித்தர் 17உடன் இரண்டாமிடத்தில் நின்றார். அந்த ஒற்றை மாட்டு வேறுபாடு குறித்துப் பேசப்பட்ட அளவுக்கு, அந்த 35 காளைகளுள் நின்று விளையாடியவை எத்தனை என்பது பேசப்படவில்லை. ரசனைக்கு வேண்டியது பின்னதே.

இவ்வழக்கில் தீராத கிளை ஒன்றும் உண்டு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் 2015, 2016, 2017 ஆகிய மூன்று பொங்கல்களிலும் வாடி திறக்கவில்லை. 2017 பிப்ரவரி 10 அன்றுதான் அலங்காநல்லூரில் மீண்டும் காளைகள் அவிழ்க்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் உச்சம் வந்து கட்டுத்தறியிலேயே கழிந்துபோன காளைகளையும் பெரும் காளைகளின் வரிசையில் சேர்க்க வேண்டும் என்று வளர்த்தவர்கள் கேட்பது இயல்பே. தடைக்கு முன் ஒருமுறையேனும் வாடி கண்ட காளைக்கு அந்த ஓர் ஓட்டத்தைச் சான்றாகக் கொண்டு இடம் தரலாம். அதுவும் காணாத காளைக்கு, அதன் திமிலும் கொம்பும் எவ்வளவு அழகாக அமைந்திருந்தபோதிலும், இடம் தருவதற்கில்லை.