உட்கண்: சொல்லும் பொருளும்

நம்மாழ்வாருடைய பெரிய திருவந்தாதியில் 'கட்கண்', 'உட்கண்' என்னும் இரு சொற்கள் எதிர்நிலையாக அமைந்துள்ளன. கடோபநிஷத்தில் வரும் 'ஆவ்ருத்த சக்ஷுஸ்', அதாவது உள்நோக்கித் திரும்பிய கண், என்னும் தொடரின் தமிழாக்கமே உட்கண் எனக் கொள்ளத் தோன்றும். சொல்லமைதி அதற்கு இடந்தரவில்லை.

கட்கண் என்பது கண்ணாகிய கண். அதற்கு இணையாக வந்த உட்கண்ணும் உள்ளாகிய கண் என்றே விரியும். ஆழ்வார் நெஞ்சையே உட்கண் எனப் பெயரிட்டிருப்பது இதனை உறுதிப்படுத்தும். 'கண்' ஏழனுருபுமாதலின் 'உள்ளிடத்து' என்று பொருள் கொள்ளலாமோ எனின், கட்கண் என்னும் இணை அதனை விலக்கும்.

உபநிஷத்தில், புறநோக்காகப் படைக்கப்பட்ட புலன்களை மீட்டு, அமுதநிலை வேண்டிய தீரன் ஒருவன் உள்ளே காண்கிறான். இங்கோ கண் திரும்புவதில்லை, நெஞ்சே கண்ணாகிறது.

ஆயினும் முரணில்லை. பரமாத்மா தான் வரித்தவனுக்கே தன்னைக் காட்டுவான் என்பதும் அவ்வுபநிஷத்தின் வாக்கே. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அதனை எடுத்தாண்டு, ப்ரீதியோடு கூடிய இடையறாத நினைவு காட்சிக்கு நிகரான தெளிவு பெறும் என்று நிலைநாட்டினார். நெஞ்சு கண்ணாவது இவ்வாறே.

இதனால் புறக்கண் இகழப்பட்டதாகாது. திருவாய்மொழியில் 'முடியானே' என்று தொடங்கும் பதிகத்தில் கண் முதலிய கரணங்கள் தனித்தனியே அவனை விடாய்க்கின்றன. உட்கண் பெற்றவர்க்கே கட்கண்ணின் விடாய் மிகும். அவ்விடாய் தீர்க்கவன்றோ அர்ச்சாவதாரம்.