மல்லிதம்மாவும் கனகா மூர்த்தியும்

வைட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை, சிற்பி கனகா மூர்த்தியுடையது. 1942-இல் தி.நரசீபுரத்தில் பிறந்து, வாதிராஜரிடம் பாடம் கேட்டு, ஆண்களே உளி பிடித்த தொழிலில் நிலைத்தவர். ஜக்கணாச்சாரி விருது பெற்ற முதல் பெண். 2021 மே மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அதெல்லாம் சரிப்பா, அவங்க செஞ்ச சிலை எப்படி இருக்கும்?" எனக்குப் பதில் வரவில்லை.

அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் சோமநாதபுரம். 13ஆம் நூற்றாண்டுக் கோயில். அங்கே சிலைகளின் அடியில் மல்லிதம்மா என்று சிற்பியின் பெயர் வெட்டியிருக்கும். அந்த மனிதரின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. கல்லைப் பார்த்தே கொண்டாடுகிறோம். கனகா அம்மாவுக்கு நேர்மாறு. 'முதல் பெண் சிற்பி' என்ற பட்டத்தைக் கேட்டதும் கை தட்டிவிட்டு, கல்லைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறோம். அந்தப் பட்டத்தின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு. ஆண் சிற்பி ஒருவரை இப்படியா அறிமுகம் செய்வோம்?

பிறகு அவர் சிலைகளைப் படங்களில் தேடிப் பார்த்தேன். தெய்வ வடிவங்களில் வேலைத்திறம் குறையில்லை. ஆனால் மரபு முழுக்க ஆள்கிறது. அது குற்றமில்லை. விக்கிரகத்துக்கு அளவும் தியான சுலோகமும் உண்டு, சிற்பி அதில் மறைந்துதான் போக வேண்டும். கங்குபாய் ஹங்கல், மல்லிகார்ஜுன் மன்சூர் போன்ற இசைக்கலைஞர்களின் உருவங்களில்தான் என் மனம் நின்றது. கங்குபாய்க்கு ஏது தியான சுலோகம்? அந்தக் கனத்த குரலைக் கல்லில் காட்ட முடியாது. குரலுக்குரிய முகத்தை மட்டும் காட்டலாம். எந்தச் சுருக்கத்தை விடுவது, எதை வழித்துவிடுவது என்று சிற்பியே முடிவு செய்தாக வேண்டும். கனகா மூர்த்தி என்ற தனி ஆளை நான் அங்கேதான் சந்தித்தேன். ஆணா பெண்ணா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

படத்தில் பார்த்துவிட்டு இவ்வளவு பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். கல்லைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். கஸ்தூர்பா சாலை விஸ்வேசுவரய்யா அருங்காட்சியகத்துக்காக அவர் ரைட் சகோதரர்களையும் வடித்திருக்கிறார். 2023 முதல் மெட்ரோ நம் வாசலுக்கே வந்துவிட்டது. வருகிற ஞாயிறு மகளோடு கிளம்புகிறேன். வழியில் கதை எதுவும் சொல்வதாக இல்லை.